அரை டிக்கெட்

நாற்பத்தாறு கிலோ.
மிருக வைத்தியரின் தராசில் ஏறி நின்று
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள் உர்சினா.

ஓட்டத்துக்குத் துணை வேண்டுமென்றுதான் வாங்கினேன்.
சீனி கூடிவிட்டது, ஓடும், ஓடினால்தான் இறங்கும்
என்று எனக்கான வைத்தியர் சொல்லியிருந்தார்.
பெரிய நாய், பெரிய கால், பெரிய நெஞ்சு,
அப்படியென்றால் பெரிய தூரம்
என்று கணக்குப் போட்டது என் மண்டை.

பண்ணையில் குட்டியைத் தூக்கித் தந்த ரோத்லிஸ்பெர்கர் அம்மா
என் புது ஓட்டச் சப்பாத்தை ஒருமுறை பார்த்தாள்.
"இது பால்வண்டி இழுத்த இனம்" என்றாள்.
வண்டியே இழுத்ததென்றால்
நான் எம்மாத்திரம் என்று வீடு வந்தேன்.
பால்வண்டி நடந்துதான் போயிருக்கும்
என்பது உறைக்க
ஒன்றரை வருஷம் பிடித்தது.

அந்த ஒன்றரை வருஷமும் ஓடவிடக் கூடாது என்றார்கள்.
எலும்பு முற்ற வேண்டும், மூட்டு இறுக வேண்டும்.
படியிறங்கும்போது தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன்.
இடுப்புப் பிடித்துக்கொண்டது எனக்கு.

பிறகொரு காலை, துன் நகரத்தில், ஆரே ஆற்றங்கரையில்
நாங்கள் புறப்பட்டோம்.
ஒரு கிலோமீட்டர் வரை வால் ஆடியது.
அதன்பின் நாக்குத்தான் தெரிந்தது.
மரப்பாலத்தின் நடுவில்
அரிசி மூட்டை இறக்கினதுபோல் படுத்துவிட்டாள்.
முன்னும் பின்னும் சைக்கிள்கள் மணியடித்தன.
மூன்றாம் மாடி ரேத்தோ
துருப்பிடித்த நிறத்து ஒல்லி நாயோடு
எங்களைத் தாண்டிப் பாய்ந்தான்.
"மோர்கே" என்றான், மூச்சு வாங்காமல்.

நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள்.
சொன்னவர் இவளைக் கண்டதில்லை.

மலை என்றால் சரிவரும் என்றாள் தர்மினி,
பெயரிலேயே மலை இருக்கிற நாயல்லவா.
ஆடி மாதம். நீடர்ஹார்ன்.
மேலே போகும்போது கேபிள் காரில்தான் போனோம்,
இறங்குவதை மட்டும் காலால் செய்வதென்று.
ஒரு மணி இருபது நிமிடம் என்று எழுதிய
மஞ்சள் வழிகாட்டிக் கம்பத்தின்
கையகல நிழலில் உர்சினா தலையை மட்டும் வைத்தாள்.
மிச்ச உடம்பு வெயிலில் கிடந்தது.
கெஞ்சினேன். பிஸ்கட் காட்டினேன்.
என் தண்ணீரை அவளுக்கு ஊற்றிவிட்டு
பக்கத்தில் குந்தினேன்.
"எழுந்து நட" என்று கைக்கடிகாரம் நடுங்கியது.
ஒரு மாடு வந்து எங்கள் இருவரையும் முகர்ந்துவிட்டுப் போனது.
கீழே ஏரி, ஒரு கப்பல், அதன் வெள்ளைக் கோடு.
இரண்டரை மணித்தியாலம்.
ஓடியிருந்தால் அந்தக் கோடு
மெல்ல அழிவதைக் கண்டிருக்கமாட்டேன் என்றெல்லாம்
சொல்லமாட்டேன்.
எனக்குப் பசித்தது, கோபம் வந்தது.

திரும்பவும் கேபிள் கார்.
அவளுக்கு அரை டிக்கெட்.
சலுகை அட்டையை வீட்டில் விட்டு வந்த
எனக்கு முழு டிக்கெட்.

ஆனால் தை மாதம் அவளைப் பாருங்கள்.
மைனஸ் எட்டில்
கண் திறந்துகொள்கிறது அந்த உடம்பு.
முழங்கால் பனியை நெஞ்சால் உழுதுகொண்டு
மேடு முழுக்க என்னை இழுத்துப் போனாள்.
விழுந்தேன்.
ஓடிவந்து முகத்தை நக்குவாள் என்று பார்த்தேன்.
வந்தாள், என் காலின்மேல் குந்தினாள்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையிடத்தில் குகதாசன் கேட்கிறார்:
"மலையேற ஒரு பெரிய நாய் வாங்கலாமோ அண்ணை?"
எந்த மாதம் ஏறப்போகிறீர் என்று கேட்டேன்.
ஏழெட்டு வருஷந்தான் இருக்கும் என்பதை
நான் சொல்லவில்லை.
அதை எனக்கே நான் இன்னும் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் தனியே ஓடுகிறேன்.
சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும்
உர்சினா மூக்கை உள்ளே விடுகிறாள்.
பாலம், ஈர மண், ரேத்தோவின் நாய்,
நான் மிதித்ததையே அறியாத ஏதோ ஒன்று,
எல்லாவற்றிலும் நின்று நின்று
என் பத்துக் கிலோமீட்டரையும்
படுத்தபடியே போய்வருகிறாள்.
அவசரமில்லை அவளுக்கு.
இடது சப்பாத்து இன்னும் மிச்சமிருக்கிறது.